உழவு இயந்திரத்துக்கு வார்க்கும் நீர்

விடத்தல்தீவு பெயரளவில் தீவாயினும், மன்னார்ப் பெருநிலக் கரையோடு ஒட்டிய ஊராகும். மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் வீதியை அடுத்து அது அமைந்துள்ளது. ஊரின் கடற்பக்கத்தில் கண்டற்காடும் சேற்றுத் தரவையும் ஆழமற்ற கடனீரும் பரந்து கிடக்கின்றன. உட்பக்கத்தில் வயல் நிலம் தொடங்குகின்றது. உவர்நீரும் நன்னீரும் இவ்வளவு அண்மையில் இருக்கும் இடத்தில் வாழும் கமக்காரர் நீரின் குணத்தை நாவினாலேயே அறிவர். எந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம், எதனை மிளகாய்க் கன்றுக்கு இறைக்கலாம், எதனை மாடுகூடக் குடியாது என்பதைச் சிறுவரும் சொல்லுவர். ஆயினும் அதே கமக்காரர் தமது உழவு இயந்திரத்தின் ரேடியேற்றரில் நீர் குறைந்துவிட்டதென்று கண்டால், அருகில் எந்தக் குழியில் நீர் நிற்கின்றதோ அதிலிருந்தே ஒரு வாளி மொண்டு வார்த்து விடுகின்றனர். மாட்டுக்கு ஆகாத நீர் இயந்திரத்துக்கும் ஆகாது என்பதை அநேகர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இப்பகுதியில் இன்றும் ஓடும் நாற்சில்லு உழவு இயந்திரங்களுட் பல பழையன. மெசி பெர்குசன் 35 என்னும் மாதிரி 1950களின் பிற்பகுதியிலும், 135 என்பது 1964ஆம் ஆண்டின் இறுதியிலும் வெளிவந்தன. சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாபே நிறுவனம் அவ்வழியிலேயே அமைத்த இயந்திரங்களும் இலங்கை வயல்களில் ஏராளமாக உள. இவற்றுட் பலவற்றின் எஞ்சின் பேர்க்கின்ஸ் அமைப்பிலான மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினாகும். கனத்த வார்ப்பிரும்பினாற் செய்யப்பட்டமையால் அது நீண்டகாலம் உழைக்கின்றது. அரை நூற்றாண்டு கடந்த எஞ்சின் இன்றும் சேற்றுழவு செய்வதைக் காண்பது அரிதன்று. அவ்வாறு உழைத்த எஞ்சின் ஒருநாள் நண்பகலில் ஆவி கக்கி நின்று, பின்னர் பெருஞ் செலவின்றி எழும்பாமற் போவதுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் அன்றைய வெயிலன்று. பல ஆண்டுகளாக உள்ளே வார்க்கப்பட்ட நீரே.

எஞ்சினுக்கு நீர் எதற்கு?

டீசல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே கலப்பையை இழுக்கும் வேலையாக மாறுகின்றது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகின்றது. மிகுதியிற் பெரும்பகுதியை எஞ்சினைச் சூழ்ந்து ஓடும் நீரே தாங்கி, முன்னேயுள்ள ரேடியேற்றருக்குக் கொண்டுசென்று காற்றிற் கலக்க விடுகின்றது. ஏறக்குறைய 10 லீற்றர் நீர் இடைவிடாது இவ்வாறு சுற்றி வருகின்றது. பெல்ற்றினாற் சுழலும் நீர்ப்பம்பு அதனைத் தள்ளுகின்றது. அதே அச்சிலுள்ள விசிறி முன்புறக் காற்றை ரேடியேற்றரின் ஊடாக இழுக்கின்றது.

வீதியில் ஓடும் லொறிக்கு அதன் வேகமே காற்றைக் கொண்டுவந்து கொடுக்கும். வயலில் அவ்வாறன்று. மணிக்கு 4, 5 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகத்தில், முழுப் பாரத்தோடு, நாளெல்லாம் எஞ்சின் உழைக்கின்றது. விசிறி தரும் காற்றைத் தவிர வேறு உதவி இல்லை. முருங்கன், கட்டுக்கரைக் குளப் பகுதிகளிலுள்ள கருங்களி மண்ணை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். காய்ந்தால் பிளந்து பாறைபோலாகி, நனைந்தால் சில்லோடு ஒட்டி விடாத மண் அது. அத்தகைய மண்ணில் உழும் எஞ்சின், குளிர்ச்சி முறையிற் சிறு குறை இருந்தாலும் உடனே காட்டிவிடும்.

உவரும் சுண்ணாம்பும்

மன்னார்க் கரையின் அடிநிலம் பெரும்பாலும் சுண்ணக்கல். ஆதலின் கிணற்று நீரிற் சுண்ணாம்பு கரைந்திருப்பது இயல்பு. கரையை அண்டிய கிணறுகள் பலவற்றில் இதனோடு உவரும் சேர்ந்து விடுகின்றது. இவ்விரண்டும் எஞ்சினுக்கு இருவேறு வகையில் தீமை செய்வன.

சுண்ணாம்பு நீர் சூடாகும்போது, கேத்தலின் அடியிற் காணப்படுவது போன்ற வெண்படிவு எஞ்சினுள்ளும் படிகின்றது. இப்படிவு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. 1 மில்லிமீற்றர் தடிப்பான படிவு, ஓர் அங்குலத் தடிப்பான வார்ப்பிரும்புக்குக் குறையாத தடையாக நிற்கக்கூடும். ரேடியேற்றர் நிறைய நீர் இருக்கவும், விசிறி சுழலவும், சிலிண்டரின் மேற்பகுதி மட்டும் கொதித்துக் கிடப்பது இதனாலேயே. வெப்பமானி காட்டுவது நீரின் சூட்டை. படிவுக்கு அப்பாலுள்ள இரும்பின் சூட்டை அது அறியாது.

உவர்நீரின் தீமை வேறு. எஞ்சின் வார்ப்பிரும்பு, பழைய ரேடியேற்றர் செம்பும் பித்தளையும், அவற்றை இணைத்த பற்று ஈயம், சில உறுப்புகள் அலுமினியம். வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றாகத் தோயும்போது பற்றரியில் நிகழ்வது போன்ற செயல் அங்கு தொடங்கி, ஓர் உலோகம் அரிக்கப்படுகின்றது. இரும்பு துருவாகின்றது, அலுமினியம் பொருக்காகின்றது. அத்துருவே செம்மண் குழம்பு போலாகி ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் அடைகின்றது.

இதில் அநேகர் கவனியாத ஒரு கணக்கு உண்டு. நீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே போகும், உப்புப் போகாது. உதாரணமாக, ஒரு கிணற்றின் ஒரு லீற்றர் நீரில் 2 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். 10 லீற்றர் கொள்ளும் எஞ்சினில் முதலில் 20 கிராம் உப்புச் சேர்கின்றது. மூடி பழுதாகி, நாளொன்றுக்கு ஒரு லீற்றர் ஆவியாகப் போக, அதே நீரை மீண்டும் வார்த்து வந்தால், 30 நாளில் மேலும் 60 கிராம் உப்பு உள்ளே தங்கிவிடும். ஒரு மாதச் சேற்றுழவு முடியும்போது எஞ்சினுள் இருப்பது கிணற்று நீரன்று. அதனிலும் நான்கு மடங்கு உவர்ப்பான நீர். சுண்ணாம்பின் கணக்கும் இவ்வாறே. ஆகவே நீர் குறையும் எஞ்சினுக்கு நாள்தோறும் நீர் வார்ப்பது அக்குறையைத் தீர்ப்பதாகாது. நீர் எங்கே போகின்றது என்பதை முதலிற் கண்டுபிடித்தல் வேண்டும்.

மழைநீரைச் சேமித்தல்

இதற்கெல்லாம் பரிகாரம் வானத்திலிருந்தே வருகின்றது. மழைநீரிற் சுண்ணாம்பு இல்லை. உப்பும் மிகச் சிறிதே. மன்னார் வரண்ட மாவட்டமாயினும், ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவ மழை கிடைக்கின்றது. 10 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 10 லீற்றர் நீராகும். 25 மில்லிமீற்றர் பெய்யும் ஒரு நல்ல மழையில் அச்சிறு கூரையிலிருந்தே 250 லீற்றர் கிடைக்கும். ஓர் உழவு இயந்திரத்தை ஒருமுறை நிரப்ப 10 லீற்றர் போதும். கழுவிய பின் வார்க்கவும், ஆண்டு முழுவதும் குறை நிரப்பவும் நான்கைந்து கலங்களிற் பிடித்துவைத்த நீர் தாராளமாகக் காணும். மகாவலி நீரோ கட்டுக்கரை நீரோ வேண்டியதில்லை. ஒரு பீலியும் மூடியுள்ள கலமும் இருந்தாற் போதும்.

பிடிக்கும் முறையிற் சிறிது கவனம் வேண்டும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் கடலுப்பும் தூசும் கூரையிற் படிந்திருக்கும். பறவை எச்சமும் இருக்கும். ஆதலின் பருவத்தின் முதல் மழையை விட்டுவிட்டு, கூரை நன்கு கழுவப்பட்ட பின்னரே நீரைப் பிடித்தல் வேண்டும். துணியால் வடித்து, மூடி, நிழலில் வைக்கவேண்டும். மூடாத கலத்தில் நுளம்பு பெருகும். கலத்தின் மேல் ‘இயந்திரத்துக்கு’ என்று எழுதி வைத்தல் நலம். இல்லாவிடில் மாசி மாதத்துக்குள் வீட்டார் அதனை வேறு தேவைக்கு எடுத்திருப்பர்.

மழைநீர் கிடையாதபோது கிணறுகளுள் நல்லதைத் தெரிந்தெடுக்கச் சோதனைச்சாலை தேவையில்லை. நாவில் உவர்ப்பது ஆகாது. சவர்க்காரம் நுரையாது திரையுமாயின் அந்நீரிற் சுண்ணாம்பு மிகுதி. கேத்தலின் அடியில் விரைவில் வெண்படிவு பிடிப்பதும் அதற்கே சான்று. சுண்ணாம்பு நீரைக் கொதிக்கவைத்து, ஆறித் தெளியவிட்டு, அடியைக் கலக்காமல் மேல்நீரை எடுத்தாற் சுண்ணாம்பின் ஒரு பகுதி நீங்கும். உவரோ கொதிக்க வைப்பதனால் ஒருபோதும் நீங்காது. வாய்க்கால் நீரும் வயல் நீரும் சேறு உடையன. அவற்றை அவசரத்தின் பொருட்டன்றி வார்த்தல் கூடாது. அவசரத்துக்கு வார்த்தவர் அன்று மாலையே, எஞ்சின் ஆறிய பின், அதை வெளியேற்றிவிடுதல் நன்று.

கடைகளில் விற்கப்படும் கூலன்ற் என்னும் திரவத்தைப் பற்றியும் இங்கே கூறுதல் வேண்டும். பனி உறையும் நாடுகளில் நீர் உறையாதிருக்க அதைச் சேர்ப்பர். மன்னாரிற் பனி ஏது என்று கூறி அதை ஒதுக்குவோர் உளர். அது முழு உண்மையன்று. அத்திரவத்திலுள்ள துருத்தடுப்பு மருந்துகளே நமக்குப் பயன்படுவன. நீரின் கொதிநிலையும் அதனாற் சிறிது உயரும். கலத்தில் எழுதப்பட்டுள்ள விகிதத்தில், மழைநீரோடு கலந்து வார்த்தல் வேண்டும். சுண்ணாம்பு நீரோடு கலந்தால் அம்மருந்தின் பயன் குறையும். மருந்தின் வலு காலப்போக்கில் தீர்ந்துவிடுமாதலால், கலத்தில் வேறு காலம் குறிப்பிடப்படாவிடின், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் நலம். இத்திரவம் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நாயும் மாடும் அதை விரும்பிக் குடித்து இறக்கும், பிள்ளைகளுக்கும் பேராபத்து. பழைய திரவத்தை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றுதல் ஆகாது.

உள்ளே கழுவுதல்

புரட்டாதி மாதத்தில், உழவு தொடங்குமுன், ஆண்டுக்கொருமுறை நீரை முற்றாக வெளியேற்றிக் கழுவுதல் வேண்டும். எஞ்சின் ஆறிய பின்னரே இதனைத் தொடங்குக. நீர் வெளியேறும் வாய்கள் இரண்டு உண்டு: ஒன்று ரேடியேற்றரின் அடியில், மற்றது எஞ்சினின் பக்கத்தில். அநேகர் முதலாவதை மட்டுமே திறக்கின்றனர். எஞ்சினின் அடியிலே தங்கும் துருச்சேறு அதனால் ஒருபோதும் வெளியேறுவதில்லை. பக்கத்திலுள்ள வாயைத் திறந்தும் நீர் வராவிடின் அங்கு நீர் இல்லை என்று கொள்ளலாகாது, சேறு அடைத்திருக்கின்றது. கம்பியினாற் குத்திவிட்டால், முதலிற் சிறிது செங்குழம்பும் பின்னர் நீரும் பாயும்.

வெளியேறும் நீர் தெளியும்வரை நல்ல நீரை விட்டுக் கழுவுக. ரேடியேற்றரைத் தனியே கழுவும்போது, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கழற்றி, கீழ் வாயினூடாக நீரைச் செலுத்தி மேல் வாயினால் வெளியேறச் செய்தல் சிறந்தது. வழமையாக நீர் ஓடும் திசைக்கு எதிராகச் செல்வதால், குழாய் வாய்களில் தங்கிய பொருக்குகள் பின்னோக்கித் தள்ளப்பட்டு வெளிவரும். படிவு கடினமாயின் சலவைச் சோடாக் கரைசலை இட்டு, எஞ்சினைச் சிறிதுநேரம் ஓட்டி, ஆறவிட்டு வெளியேற்றி, பலமுறை நன்னீராற் கழுவும் வழக்கம் உண்டு. அலுமினிய ரேடியேற்றருக்குச் சோடா பகை. செம்பு, பித்தளை ரேடியேற்றருக்கே இது உரியது.

பழைய செம்பு ரேடியேற்றரை வைத்திருப்போர் அதனை எளிதில் விட்டுவிடக் கூடாது. அதிற் கசிவு ஏற்பட்டால் பற்றவைக்கலாம். மேற்றொட்டியைக் கழற்றிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்ரிக் தொட்டி பூட்டிய புதியவகை ரேடியேற்றரில் இது இயலாது. சிறு கசிவுக்கு மஞ்சட்டூளை உள்ளே இடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வீடுவந்து சேர அது உதவக்கூடும். ஆனாற் கசியும் துளையை மட்டும் அடைத்துவிட்டு நல்ல குழாய்களை விட்டுவிடும் அறிவு மஞ்சளுக்கு இல்லை.

வெளிப்புறம்

உட்புறம் எவ்வளவு சுத்தமாயினும், ரேடியேற்றரின் இதழ்களுக்கிடையே காற்று நுழையாவிடிற் பயனில்லை. சேற்றுழவில் தெறிக்கும் களி அங்கே காய்ந்து ஒட்டுகின்றது. சூடடிக்கும் காலத்திற் பதரும் வைக்கோற்றூளும் படர்ந்து, முன்புறம் ஒரு கம்பளி போர்த்தது போலாகிவிடும். அக்காலத்தில் ஒவ்வொரு நாளும், வேண்டுமாயின் நண்பகலிலும், அதனை நீக்குதல் வேண்டும். நீர் அடிப்பதாயின் விசிறிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி மெதுவாக அடிக்கவேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தூசு மேலும் உள்ளே செல்லும். நீரின் வேகம் மிகுந்தால் இதழ்கள் மடிந்துவிடும். கடற்கரையிற் கரைவலை இழுக்கவும் தோணி ஏற்றவும் பயன்படும் உழவு இயந்திரங்களை, வேலை முடிந்த அன்றே நன்னீராற் கழுவுதல் அவசியம். உப்பு இவ்விதழ்களை வெளியிலிருந்தும் அரிக்கின்றது.

விசிறி பெல்ற்றின் நடுவிற் பெருவிரலால் அழுத்தும்போது அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை தாழ்ந்தால் இறுக்கம் சரி. தளர்ந்த பெல்ற் வழுக்கும். அதிக இறுக்கம் பம்பின் போள் பெயாரிங்கை அழிக்கும். பம்பின் அடியிலுள்ள சிறு துளையினால் நீர் சொட்டினால் உள்ளேயுள்ள முத்திரை தேய்ந்துவிட்டதென அறிக. அத்துளையை மரக்குச்சியால் அடைப்பது நீரைப் பெயாரிங்குக்குத் திருப்பி விடுவதாகும். விசிறியைச் சூழ்ந்த தகட்டுக் கூட்டைத் தொல்லை என்று கழற்றி எறிந்தோர் அதனைத் தேடிப் பூட்டுதல் வேண்டும்; கூடு இல்லாவிடின் விசிறி வெளித்தள்ளிய சூடான காற்றையே மீண்டும் இழுக்கும்.

தேர்மோஸ்ரற் என்னும் காவலாளி

எஞ்சினுக்கும் மேல் ஹோஸுக்கும் இடையே தேர்மோஸ்ரற் என்னும் சிறு கதவு உண்டு. நீர் ஏறக்குறைய 80 பாகை செல்சியசு அளவு சூடாகும்வரை அது மூடி நின்று, பின்னர் திறந்து நீரை ரேடியேற்றருக்கு விடும். நம் நாடு வெப்பநாடு, இங்கு இது எதற்கு என்று கூறிப் பல மிக்கானிக்குகள் அதனைக் கழற்றி வீசிவிடுகின்றனர். எஞ்சின் கொதிக்கும்போது இதுவே முதலிற் பழி ஏற்கும் உறுப்பு. இச்செயல் பிழையானது. மிகவும் குளிர்ந்து ஓடும் டீசல் எஞ்சினில் எரிபொருள் முற்றாக எரிவதில்லை. எரியாத டீசல் சிலிண்டர்ச் சுவரைக் கழுவி எண்ணெயோடு கலக்கின்றது. பிஸ்ரன் வளையங்கள் விரைவில் தேய்கின்றன. டீசற் செலவும் கூடுகின்றது. மேலும், தேர்மோஸ்ரற் இல்லாதபோது நீரின் ஒரு பகுதி ரேடியேற்றருக்குச் செல்லாமற் பக்கவழியால் எஞ்சினுக்கே திரும்பும் அமைப்பும் சில எஞ்சின்களில் உண்டு. அங்கு கொதியைத் தீர்க்கக் கழற்றியதே கொதிக்குக் காரணமாகும்.

தேர்மோஸ்ரற் பழுதோ அன்றோ என்பதைச் சமையலறையிலே அறியலாம். ஒரு சட்டி நீரில் அதனை நூலில் தொங்கவிட்டு, அடியைத் தொடாதவாறு வைத்து, நீரைச் சூடாக்குக. நீர் கொதிக்கத் தொடங்குமுன் அது திறக்கவேண்டும், ஆறும்போது மூடவேண்டும். திறவாததை எறிந்து புதியது பூட்டுக. வெறுமையாக விடற்க.

வயலிற் கொதித்தால்

ஐப்பசி மழை விழுந்து, நிலம் பதப்பட்டு, அயலெல்லாம் உழுது கொண்டிருக்கும் நாளில் எஞ்சின் கொதிப்பது கமக்காரரின் பொறுமைக்குப் பெருஞ்சோதனை. வாடகைக்கு வந்த இயந்திரமாயின் அடுத்த வயற்காரர் வரம்பில் காத்து நிற்பார். அந்த அவசரத்திற் செய்யப்படும் இரு பிழைகள், நூறு ரூபாவில் முடியக்கூடிய குறையைப் பெருஞ் செலவாக்குவன.

முதலாவது, சூடான மூடியைத் திறத்தல். பழைய மாதிரிகள் பலவற்றின் மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்குவது. அவ்வமுக்கத்தில் நீர் 100 பாகையிற் கொதியாது. ஏறக்குறைய 110 பாகை வரை திரவமாகவே இருக்கும். மூடி திறந்த கணத்தில் அமுக்கம் நீங்கவே, நீர் முழுவதும் ஒருங்கே கொதித்து முகத்திற் பாயும். கண்ணும் முகமும் வெந்து ஆஸ்பத்திரி சேர்ந்தோர் உளர்.

இரண்டாவது, கொதித்து வற்றிய எஞ்சினுக்குள் குளிர்நீரை வார்த்தல். செந்தணலில் இருந்து எடுத்த சட்டியில் நீர் விட்டால் நிகழ்வது யாதோ அதுவே வார்ப்பிரும்புக்கும் நிகழும். சிலிண்டர் ஹெட் வெடிக்கும். அல்லது வளைந்து காஸ்கற் கிழியும். அன்றோடு உழவு நின்றுவிடும். ஹெட் மன்னாருக்கோ வவுனியாவுக்கோ சென்று திரும்புமுன் நிலத்தின் பதம் கடந்துவிடும்; விதைப்புப் பிந்திய வயலுக்கு மார்கழி மழை காத்திராது.

செய்யத் தக்கது இது: வெப்பமானியின் முள் ஏறும்போதே கலப்பையை உயர்த்திப் பாரத்தை நீக்குக. நீர் இன்னும் வெளியேறாதிருப்பின் எஞ்சினை உடனே நிறுத்தாமல், மெதுவான ஓட்டத்தில் சில நிமிடம் விடுக. பம்பும் விசிறியும் சூட்டைச் சீராக இறக்கும். நீர் முழுவதும் ஆவியாகப் போய்விட்டதாயின் உடனே நிறுத்துக. பின்னர் அரை மணி நேரத்துக்குக் குறையாமற் காத்திருந்து, மூடியைக் கையால் தொடக்கூடியதான பின், நனைத்த சாக்கினால் மூடிச் சிறிது திருகி அமுக்கத்தை விட்டு, அதன் பின் திறக்கவேண்டும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, நீரைச் சிறிது சிறிதாக வார்க்கவேண்டும். அந்த அரை மணி நேரத்தில் ரேடியேற்றரின் முன்புறத்தையும் பெல்ற்றையும் பார்த்தால், காரணம் பெரும்பாலும் அங்கேயே தென்படும்.

வெப்பமானி பழுதான இயந்திரங்கள் பல ஓடுகின்றன. அதைத் திருத்துவதே முறை. திருத்தும்வரை இரு ஹோஸ்களையும் விசிறிக்கு எட்டக் கையை வைத்துத் தொட்டுப் பார்த்து ஓரளவு அறியலாம். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்து கிடந்தால் ரேடியேற்றரினூடாக நீர் ஓடவில்லை. இரண்டும் ஒரே சூடாயின் நீர் ஓடுகின்றது, ஆனாற் காற்று சூட்டை எடுக்கவில்லை. எஞ்சின் வேகம் கூடும்போது கீழ் ஹோஸ் சப்பையானால் அந்த ஹோஸ் இளகிவிட்டது, மாற்றுக.

நீர் குறைகின்றது, ஆயினும் எங்கும் கசிவு இல்லை என்றால் காஸ்கற்றை ஐயுறுக. குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்தபடி தொடக்கி ஓடவிடும்போது ரேடியேற்றரில் இடைவிடாது குமிழி வருதல், எண்ணெய் பாற்கோப்பி நிறமாதல், எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நீங்காமை ஆகியன அதன் குறிகள். எண்ணெயில் நீர் கலந்த எஞ்சினை ‘இந்த வயல் முடியட்டும்’ என்று ஓட்டுதல் கூடாது.

இருசில்லு இயந்திரமும் இறைக்கும் இயந்திரமும்

நம் நாட்டில் லான்ட்மாஸ்ரர் என்று பொதுப்பெயரால் வழங்கும் இருசில்லு உழவு இயந்திரங்களுட் பலவற்றிற்கு, குறிப்பாகச் சீன எஞ்சின் பூட்டியவற்றிற்கு, ரேடியேற்றருக்குப் பதிலாக எஞ்சினின் மேல் திறந்த நீர்த்தொட்டி உண்டு. அதில் நீர் கொதிப்பது குறையன்று. கொதித்து ஆவியாகியே அது எஞ்சினைக் குளிர்விக்கின்றது. செந்நிற மிதவை தாழும்போது நீர் வார்த்தல் வேண்டும். ஒரேயடியாகக் குளிர்நீரால் நிரப்பாமல், சிறிது சிறிதாக வார்க்கவேண்டும். நாள்தோறும் ஆவியாக்குவதே இதன் தொழிலாதலின், மேலே கூறிய உப்புக் கணக்கு இதற்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். மழைநீர் குறைவாயின் அதை இவ்வெஞ்சினுக்கே முதலில் ஒதுக்குக. கிணற்றுநீரே கதியாயின், சில நாட்களுக்கு ஒருமுறை தொட்டியை முற்றாக வெறுமையாக்கிப் புதுநீர் வார்ப்பதால் உப்புச் சேராது தடுக்கலாம்.

கத்தரி, வெங்காயம், மிளகாய் பயிரிடுவோர் வைத்திருக்கும் சிறிய நீர் இறைக்கும் இயந்திரங்களுட் பெரும்பாலானவை காற்றினாற் குளிர்வன. அவற்றின் சிலிண்டரைச் சூழ்ந்த தகடுகளுக்கிடையே மண்ணும் எண்ணெயும் சேர்ந்து இறுகாமற் பார்த்துக்கொள்ளவேண்டும். வெயிலுக்கு மறைப்பு வேண்டுமென்று சாக்கினால் மூடி ஓட்டுவோர், இயந்திரத்தின் மூச்சை அடைக்கின்றனர். ஓலைப் பந்தல் போதும்.

நின்றுபோகும் இயந்திரம்

இப்பகுதி மக்கள் 2008இல் இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டு வந்து வயல் திருத்தியவர்கள். அவ்வளவு நீண்ட காலமன்றி, ஒரு சிறுபோகம் நீரின்றிப் போனாலும் இயந்திரம் ஆறேழு மாதம் கொட்டிலில் நிற்கும். நிற்கும் இயந்திரத்துக்குப் பாதி நீரே மிகப் பெரும் பகை. நீர்மட்டத்தின் மேலே ஈரமும் காற்றும் ஒருங்கே இருந்து இரும்பை அரிக்கும். ஆகவே இரண்டில் ஒன்றைச் செய்தல் வேண்டும்: மழைநீரிற் கலந்த கூலன்ற்றால் விளிம்புவரை நிரப்பி வைத்தல், அல்லது இரு வாய்களையும் திறந்து முற்றாக வெறுமையாக்கி, மூடியையும் திறந்து உலரவிடுதல். வெறுமையாக்கியவர் ஒரு மட்டைத் துண்டில் ‘நீர் இல்லை’ என்று எழுதி ஸ்ரியரிங்கிற் கட்டித் தொங்கவிடுக. அதனைக் கழற்றுபவர் முதலில் நீர் வார்த்து, அதன் பின்னரே எஞ்சினைத் தொடக்குதல் வேண்டும்.